பொட்டு துடைத்த பென்டிரைவ்

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் ஜெராக்ஸ் சர்வீஸ் கடை மெக்கானிக் ரவிக்குமார் அண்ணன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கவர் நிறைய பென்டிரைவ் வாங்கி வந்து என் மேஜையில் கொட்டினார். "அள்ளிக்கினு வந்துட்டேன் பிலோமி. இனிமே பென்டிரைவ் இல்லன்னு என்னாண்ட மூஞ்சிய தூக்கி வெச்சிக்காத."

பாதிக்கு மேல் தேறவில்லை. பெரிய ஜெராக்ஸ் மிஷினுக்கு ஃபர்ம்வேர் மாற்ற, அதாவது அதற்குள் ஓடுகிற புரோகிராமைப் புதிதாகப் போட, எந்த பென்டிரைவும் சரிப்படாது. ஜிபி அதிகமாக இருந்தால் பழைய மிஷின்கள் கண்டுகொள்ளாது. உடம்பு தடியாக இருந்தால் மிஷினில் குழிக்குள் இருக்கிற ஓட்டையில் நுழையாது. சிலவற்றில் மேலே அறுபத்துநாலு ஜிபி என்று அச்சடித்திருக்கும், உள்ளே பாதி இடம்கூட இருக்காது. போட்ட ஃபைல் உடைந்து வெளியே வரும். அதனால் ஒவ்வொன்றையும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, ஃபார்மேட் அடித்து, ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் தனியாகப் போட்டு, கடை மூலையில் இருக்கிற பழைய மிஷினில் செருகிப் பார்ப்பேன். விளக்கு உள்ள பென்டிரைவ்தான் எனக்குப் பிடிக்கும். மிஷின் படிக்கிறதா என்று அதுவே சிமிட்டிச் சொல்லிவிடும். யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டாம்.

இன்று அம்மு வேலைக்குச் சேர்ந்தாள். பில் போடுகிற கவுண்டருக்கு. நான்தான் முதலாளி அத்தாவுல்லா பாயிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அவர் மேஜையில் சீட்டு எழுதி வைத்தேன். அம்மு பக்கத்துத் தெரு. தண்ணீர் லாரி வரும்போது எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய் என் குடத்தையும் சேர்த்து நிரப்பித் தருபவள். இனிமேல் மத்தியானம் தனியாகச் சாப்பிட வேண்டாம். சந்தோஷமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

கடை போன் அடித்தது. அம்மு எடுத்துப் பேசிவிட்டாள். நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. அதைத் துடைத்திருக்கிறேன், எடுத்ததில்லை.

ஆகஸ்ட் 23, சனி

திருவொற்றியூரில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். ரவி அண்ணன் கிளம்பும்போது, பக்கத்தில் நின்று மிஷின் மூடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார். முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். வரமாட்டேன் என்று குனியவில்லை. கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் நிமிர்ந்திருப்பேன்.

அதற்குள் அம்மு, "நான் வர்றேண்ணா" என்று துப்பட்டாவை முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் வந்து கடையே கேட்கும்படி கதை சொன்னாள். "நீ போட்டுக் குடுத்தத சொருவுனோமா பிலோ, ஸ்க்ரீன் அப்டியே கறுப்பா பூட்ச்சி. செத்துப் பூட்ச்சின்னே நெனச்சேன். அண்ணன் இன்னா சொல்லுது தெரியுமா? கம்முனு குந்து, கரண்டு மட்டும் போவக்கூடாதுன்னு உன் சாமிய வேண்டிக்கோங்குது. நான் வேண்டிக்கினே இருந்தேன். அவங்க டீ, சமோசா எல்லாம் குடுத்தாங்க. சமோசாவ துன்னுகினே வேண்டிக்கினேன்."

பாய்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதுவரை எத்தனையோ பென்டிரைவ் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட வெளியே ஒரு மிஷினில் நுழைவதை நான் பார்த்ததில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ஹார்பருக்குள் இருக்கிற கப்பல் ஏஜென்ட் ஆபீசிலிருந்து பெரிய வேலை வந்திருக்கிறது. அவர்களுடைய மிஷின்களில் ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவது நின்றுவிட்டது. மெயில் கம்பெனி பாதுகாப்பை மாற்றிவிட்டதாம். பழைய ஃபர்ம்வேர் இருந்தால் உள்ளே விடாதாம். எல்லா மிஷினிலும் புதியது போட வேண்டும். ஆயுத பூஜை லீவில் ஆபீஸ் காலியாக இருக்கும்போது செய்துவிடுவதாகப் பாய் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு வருஷம் முழுக்க நாம்தான் சர்வீஸ். ரவி அண்ணனோடு இன்னொருவருக்கும் ஹார்பர் பாஸ் எடுக்க வேண்டும். ஒருவருக்குத்தான் பணம் கட்டக் கட்டுப்படியாகுமாம். பாய் சொன்னார்: "லீவுல யாரு டே பாஸ்ல போய் வேலைய முடிக்கிறாங்களோ, வருஷ பாஸ் அவங்க பேர்ல போட்டுக்கலாம்."

ஜூலையில் எனக்குப் பதினெட்டு முடிந்தபோது இதே பாய், "பாஸுக்கு வயசு வந்திருச்சு, அடுத்தது உனக்குத்தான்" என்று சொன்னார். மறந்துவிட்டாரா? சொல்ல வேண்டியதுதானே. சொல்ல வாய் வேண்டுமே.

என் அப்பா பாஸ்கல் ஹார்பரில் வேலை செய்கிறார். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்கக் கம்பி மாட்டி இறுக்குகிற வேலை. தினமும் கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு போவார். சின்ன வயதிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போயிருக்கிறேன். கேட் வரைக்கும்தான். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் யாரும் போனதில்லை. அப்பா தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடக்கும்போது முதுகு சின்னதாகிக்கொண்டே போகும்.

அந்தப் பாஸ் எனக்கு வேண்டும். எழுதிவிட்டேன். வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுதவே கூசுகிறது.

என்னையும் ஒரு தடவை கூட்டிப் போகச் சொல்லி ரவி அண்ணனிடம் அம்முதான் கேட்டாள். எனக்காக. அதுவே பாதி அவமானம்.

மணலியில் டேங்கர் லாரி ஆபீஸ். அண்ணன் கீழே பைக்கிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனார். மேனேஜர் வந்து, "எவ்ளோ நேரம் ஆகும்மா? சலான் அடிக்கணும், வண்டிங்கோ லைன்ல நிக்குது" என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் மிஷின் தானாக அணைந்து திரும்ப எழுந்திருக்கும் என்பதுகூடத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பி ஆபீஸ் பையனிடம், "வாய் பேசாத பொண்ணா? பாவம்" என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பாவமாம்.

அண்ணன் ஏறி வந்து, "அர மணி சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் அழுதேன். மணலி ரோட்டுத் தூசி என்று நினைத்திருப்பார். "வுடு, போவப் போவ வந்துரும்" என்றார். அப்படியானால் நினைக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அம்மு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

செப்டம்பர் 22, திங்கள்

அம்மு நெத்திலி வறுத்துக் கொண்டுவந்தாள். பெரியதாக இருந்ததையெல்லாம் பொறுக்கி என் டப்பாவில் போட்டாள். எனக்கு இது பிடிக்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது: பேசும்போது எதிரில் இருப்பவர் கையைத் தொடுவது. பாயை "இன்னா பாய், டல்லா கீறீங்கோ" என்று கேட்பது, அவரும் உட்கார்ந்து பதில் சொல்வது. என் மேஜைக்கு வந்து "எங்க, காட்டு" என்று பென்டிரைவை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது. வெளிச்சத்தில் பார்த்தால் என்ன தெரியும்? வாடிக்கையாளர்கள் போனில் "அந்த அம்மு பொண்ணு இருக்கா?" என்று கேட்பது. முன்பெல்லாம் "யாராச்சும் இருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அப்போது அந்த யாராச்சும் நானாகவும் இருக்கலாம் என்று இருந்தது.

நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேனே. சீட்டு எழுதி.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை லீவு என்பதால் கடையில் இன்று சாயங்காலமே பூஜை. பாய் ஒவ்வொரு வருடமும் பொரி, கடலை, பூசணிக்காய்க்குப் பணம் கொடுத்துவிட்டு, "நீங்க பண்ணுங்க, நான் வந்து பொரி வாங்கிக்கிறேன்" என்று தொழுகைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டார் ராயபுரம் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். நான் ஓரமாக நின்று பொரி கட்டிக் கொடுப்பேன். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

போன வருடம் ரவி அண்ணன் ஸ்க்ரூடிரைவரையும் டோனர் மைத்தூளை உறிஞ்சுகிற மிஷினையும் வைத்து ஓர் ஊதுவத்தி கொளுத்தினார், முடிந்தது. இந்த வருடம் அம்மு. கோலம் போட்டாள். வாழையிலை விரித்து எல்லாச் சாமானையும் அளவு வாரியாக அடுக்கினாள். நான் வியாழக்கிழமை ஹார்பர் வேலைக்காகத் தயார் செய்து வைத்திருந்த பென்டிரைவ்களை என்னிடம் கேட்காமலே எடுத்து, தட்டில் பூ மாதிரி வட்டமாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பிளாஸ்டிக் உடம்பில் ஒன்று. தகரத் தலையில் ஒன்று.

அவற்றுக்கு மூடி கிடையாது. ஈரச் சந்தனம் தகரத்தின் வாய்க்குள் இறங்குவதை நான் பார்த்தேன். காய்ந்தால் உள்ளே இருக்கிற பித்தளைக் கோடுகளில் ஒட்டிக்கொள்ளும். மிஷின் படிக்காது. சொல்ல வேண்டும். ஆனால் ரவி அண்ணன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பாய் வந்து, "மாஷா அல்லா, கட கடையாட்டம் கீது இன்னிக்கிதான்" என்றார். எல்லாரும் அம்முவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது போய், இந்தா தப்பு செய்துவிட்டாய் என்றா?

"இன்னிக்கி யாரும் எதயும் தொடாதீங்கோ. வியாழக்கெழம காலீல வந்து திருப்பி கும்புட்டுட்டுதான் எடுக்கணும்" என்றாள் அம்மு. எனக்கும் தெரியும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

எல்லாரும் போன பிறகு கடையைப் பெருக்குவது என் வேலை. பெருக்கினேன். அப்புறம் தட்டிலிருந்து பென்டிரைவ்களை எடுத்தேன். பல் குத்துகிற குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, ஒவ்வொன்றின் வாயையும் சுத்தம் செய்தேன். மஞ்சளாக வந்தது. செய்ய வேண்டிய வேலைதான் அது. செய்யாவிட்டால் வியாழக்கிழமை எல்லாரும் அங்கே போய் முழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

திரும்பத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 1, புதன்

வாயைச் சுத்தம் செய்தது சரி. பிளாஸ்டிக்கில் இருந்த பொட்டு? அது எந்த மிஷினுக்குள்ளும் போகாது. யாருக்கும் எதற்கும் தொந்தரவு இல்லை. அதையும் ஏன் துடைத்தேன்? ஒன்று விடாமல் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் அம்மு கற்பூரத்தோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள். சந்தனத் தட்டில் என் பென்டிரைவ்கள் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த மாதிரி மொட்டையாக இருந்தன.

ரவி அண்ணன்தான் முதலில் பேசினார். "யாரு தொட்டது இத?"

நான் எழுந்து நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "கும்புட்டு வெச்சத தொடச்சி வுட்டுட்டியா? எங்க சாமி பொட்டு உனுக்கு கசக்குதா? உங்க மாதா கோயில் தேர் வந்தா நான் சட்டய கழட்டிட்டு வந்து தூக்குறேன், பார்த்ததில்ல நீ?"

பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். அது இல்ல அண்ணா, சந்தனம் உள்ள போயிருச்சு, மிஷின் படிக்காது, அதான் — இவ்வளவுதான் சொல்லணும். வார்த்த வரல. வரவே இல்ல.

அம்மு ஒரு பென்டிரைவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும். அவள் சத்தம் போடவில்லை.

"சாமிக்காக தொடைக்கலண்ணா இவ. வுடு. அது சாமி மேட்டர் இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என் கை பட்டுச்சுன்னு தொடச்சிருக்க. இல்ல?"

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அதற்குப் பேச வேண்டியதுகூட இல்லை. நான் ஆட்டவில்லை.

பாய், "நேரமாவுது, கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார். டே பாஸில் ரவி அண்ணனும் அம்முவும் போனார்கள். என் பென்டிரைவ்களோடு.

சாயங்காலம் பாய்க்குப் போன் வந்தது. எல்லா மிஷினும் முடிந்ததாம். ஒன்றுகூட மக்கர் செய்யவில்லையாம். "கெட்டிக்காரி அந்தப் பொண்ணு" என்று போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

அக்டோபர் 6, திங்கள்

அம்மு மத்தியானம் கவுண்டரிலேயே சாப்பிடுகிறாள்.

அக்டோபர் 8, புதன்

அவளுடைய பென்டிரைவை அவளே தயார் செய்துகொள்கிறாள். ரவி அண்ணன் சொல்லிக்கொடுக்கிறார். நேற்று ஒரே ஃபைலை இரண்டு தடவை டவுன்லோடு செய்ததில் பெயருக்குப் பின்னால் பிராக்கெட்டில் ஒன்று என்று சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரோடு போட்டால் மிஷினுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டாள்.

கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

அம்முவுக்கு வருஷ பாஸ் வந்துவிட்டது. என்னிடம் காட்டவில்லை. கவுண்டரில் வைத்திருந்தபோது பார்த்தேன். போட்டோவில் சிரிக்கிறாள். பாஸ் போட்டோவில் யாராவது சிரிப்பார்களா?

அக்டோபர் 30, வியாழன்

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன் தோஸ்து அம்முவ இன்னிக்கி உள்ள பார்த்தேன் பாப்பா. பெரிய பைய தூக்கிக்கினு தனியா போய்க்கினு இருந்துச்சு. கேன்டீன்ல டீ வாங்கிக் குடுத்தேன். நம்ம ஆளுங்களாண்ட நல்லா பேசுது. தைரியமான பொண்ணு."

அம்மா, "நம்முளுதும் இருக்குதே" என்றாள்.

அப்பா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

எங்கப்பா. எங்கப்பா வாங்கிக் குடுத்த டீ. கேட்டுக்கு அந்தாண்ட எங்கப்பா எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். எதெல்லாம் எடுத்துக்குவா இன்னும்? வேலய எடுத்துக்கினா, பாஸ எடுத்துக்கினா. எல்லாம் நான் குடுத்ததுதான். வா வான்னு கூப்ட்டு குடுத்தது.

எரியுது.

நவம்பர் 5, புதன்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

போனைப் பிடித்த கை இன்னும் சூடாக இருக்கிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். ரவி அண்ணன் எண்ணூரில். அம்மு காலையிலேயே ஹார்பருக்குப் போய்விட்டாள், ஏதோ ஒரு மிஷினுக்கு அப்டேட் திரும்பப் போட வேண்டும் என்று. கடையில் நான் மட்டும். போன் அடித்தது. வழக்கம் போல் விட்டேன். நின்றது. உடனே திரும்ப அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

"வணக்கம் மேடம். நான் அம்மு பேசறேன் மேடம்."

அம்மு. ஆனால் அவள் பேசுகிற மாதிரி இல்லை. டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"அம்மு, நான் பிலோமி."

"ஆமா மேடம். அப்டேட் நாப்பது பர்சென்ட் ஆயிருக்கு மேடம். ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. ஒரு சார் மட்டும் எங்கூடவே இருக்காரு மேடம். கதவ சாத்திட்டு வந்து உக்காந்திருக்காரு. என் நம்பர் கேட்டுட்டே இருக்காரு."

நாற்பது. அந்த இடத்தில் பென்டிரைவைப் பிடுங்கினால் மிஷின் செத்துவிடும். ஆளில்லாமல் விட்டுவிட்டு வந்து, நடுவில் அது எதையாவது கேட்டு நின்றாலும் போயிற்று. அதெல்லாம் ஒரு நொடி ஓடியது. அப்புறம், "மிஷின் போனா போவட்டும். எழுந்து வெளிய வந்துடு அம்மு" என்றேன்.

"இல்ல மேடம். வேலய முடிச்சிட்டுத்தான் வருவேன். நீங்க பேசணும்னு சொன்னீங்கள்ல, ஸ்பீக்கர்ல போடறேன் மேடம்."

போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் கேட்டது. ஓர் ஆள் தொண்டையைச் செருமினான்.

நான் பேச வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒன்பதாவதில் எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் மாதிரி ஒரு குரல். அந்தக் குரலுக்கு நான் எவ்வளவு பயப்படுவேன். அதே குரல் என் வாயிலிருந்து வருகிறது: "அம்மு, கஸ்டமர் பக்கத்துல யார் இருக்காங்க? ரிப்போர்ட்ல பேர் போடணும்."

"ஒரு சார் இருக்காரு மேடம்."

"சார், வணக்கம். உங்க பேர் சொல்லுங்க."

"நான் சும்மாதான் மேடம் உக்காந்திருக்கேன்."

"சும்மான்னு எழுத முடியாது சார். இனிஷியலோட சொல்லுங்க."

சிரிப்பை அடக்க அம்மு உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல மேடம், எனக்கு இந்த மிஷின் சம்பந்தம் கெடையாது."

"சம்பந்தம் இல்லாம ரூம்ல ஏன் சார் இருக்கீங்க? அதையும் எழுதணுமே. கதவு சாத்தியிருக்கா? மிஷின் சூடாகும், கதவத் தொறந்து வையுங்க. தொறந்தாச்சா? இப்ப உங்க டிபார்ட்மென்ட் சொல்லுங்க. உங்க மேனேஜர் சாருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன், கூட இருந்து உதவி பண்ணீங்கன்னு."

நாற்காலி இழுபடுகிற சத்தம். செருப்புச் சத்தம்.

அப்புறம் அம்முவின் சொந்தக் குரல், மெதுவாக: "பூட்டான்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வெச்சிராத பிலோ. ஒட்டிக்கினே இரு. இது முடியற வரைக்கும் பேசு."

"இன்னா பேசறது?"

"இன்னா வேணா பேசு."

பேசினேன். மழை, அம்மாவின் முதுகு வலி, தண்ணீர் லாரி வராதது. அப்புறம் பேச வேறு இல்லாமல் போனது. "அந்த பென்டிரைவு… சந்தனம் வாய்க்குள்ள பூந்திருச்சு. அத தொடச்சது வேலைக்காகத்தான். மேல இருந்த பொட்டு… அதுக்கு ஒரு காரணமும் இல்ல. நீ சொன்னதுதான்."

"தெரியும்டி."

"உம்மேல எனக்கு ரொம்ப பொறாம."

"அதுவும் தெரியும். நெத்திலி துன்னும்போது என்னயே மொறச்சிக்கினு துன்னுவ." என்றாள். அப்புறம், "அழுதேன் அன்னிக்கி. ஹார்பர் கக்கூஸ்ல போய் அழுதேன். உன்னய திட்டித் திட்டி அழுதேன்."

ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எழுவது வந்திருச்சு" என்றாள். "பேசு."

நவம்பர் 15, சனி

அம்முவின் அம்மா செல்லம்மா அத்தை காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். பாய் எழுந்து நின்றார்.

"இன்னா பாய், மிஷினுக்கு வாரண்டி குடுக்கறியே, எம் பொண்ணுக்கு யாரு குடுப்பா? ஒத்தப் பொண்ண உள்ள அனுப்பிட்டு நீ இங்க ஃபேனாண்ட குந்திகினுகீற!"

"தப்புதாம்மா. நான் அந்த ஆபீசுக்கு காலீலயே பேசிட்டேன். அந்த ஆளு இனிமே அந்தப் பக்கமே வரமாட்டான்."

"அவன் வரமாட்டான், இன்னொருத்தன் வருவான். எம் பொண்ணு வூட்டுலயே குந்தட்டும்."

அம்மு, "யம்மா, கம்முனு கெட" என்று கெஞ்சினாள். அவளுக்காகக் கத்த அத்தையைத் தவிர ஆள் கிடையாது. அவள் அப்பா எண்ணூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு.

அம்மு வேலையை விட்டு நின்றுவிட்டால் அந்தப் பாஸ்? இதை நினைக்காமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். நினைத்தேன். ஆனால் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் பேசிவிட்டது: "நான் கூட போறேன் அத்த. ரெண்டு பேரா போறோம்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் குரலை அவர் கேட்டதே அபூர்வம். "அப்ப செலவானா ஆவட்டும், இன்னொரு பாஸ் போடறேன்" என்றார். அத்தை முனகிக்கொண்டே கூடையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் ஒட்டிகினே போங்கோ, ஒட்டிகினே வாங்கோ."

நவம்பர் 20, வியாழன்

பாஸுக்குப் போட்டோ எடுத்தேன். சிரிக்கவில்லை. அம்மு பார்த்துவிட்டு, "மேடம் மாதிரிதான் கீற" என்றாள்.

ரவி அண்ணனிடம் சந்தனம் உள்ளே போனதை அவள்தான் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து என் மேஜையில் பொரி உருண்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 11, வியாழன்

உள்ளே போனேன்.

கேட்டில் செக்யூரிட்டி அம்முவைப் பார்த்து, "வா அம்மு, கூட யாரு?" என்றார். என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் சுருக்கென்றது. கொஞ்சம்தான்.

உள்ளே எல்லாமே நினைத்ததைவிடப் பெரியது. கன்டெய்னர்கள் வீட்டு மேல் வீடு மாதிரி அடுக்கியிருந்தன. ஆபீசில் நான் பென்டிரைவைச் செருகினேன், விளக்கு சிமிட்டியது. அம்மு அங்கே இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் என்னிடம் ஏதோ கேட்டார். மெதுவாகத்தான் பதில் சொன்னேன், இரண்டாவது தடவை கேட்ட பிறகு. பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மத்தியானம். தூரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் அப்பா. ஹெல்மெட் போட்டிருந்தார். வீட்டில் இருப்பதைவிட உயரமாகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அப்புறம் வேகமாக வந்து, என் கழுத்திலிருந்த பாஸைக் கையில் எடுத்துப் படித்தார். அவருக்குப் படிக்க நேரமாகும். முழுக்கப் படித்தார். பிறகு என் தோளைப் பிடித்துத் தன் ஆட்கள் பக்கம் திருப்பினார்.

"எம் பொண்ணு. மூத்தது. பெரிய மிஷினுக்கெல்லாம் புரோகிராம் போடுது."

எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். ஒருவர் கை கொடுத்தார். அப்பா தோளை விடவே இல்லை.

நான் அம்முவைத் தேடினேன். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். இதே ஆட்களோடு இரண்டு மாதமாக வாயடித்தவள், இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் என் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் தோள் மேல் இருந்த கையை. பிறகு தேவையே இல்லாமல் பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

"லேட்டாவுது, வா" என்றாள். குரல் கொஞ்சம் கடுப்பாக இருந்தது. எனக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள், வேகமாக. நான் அப்பாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு ஓடினேன். ஓடிப் போய்ப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆபீஸ் வரைக்கும் அப்படியே நடந்தோம்.